சங்கப் பொறுப்பும் சட்டப் பொறுப்பும்

(பழைய மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்த தலைப்பைப் பார்த்துவிட்டு என் வகுப்புத் தோழன் ஒருவன், "டேய், உன் பேச்சு சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று கேட்டான். முன்னாடிதான் என்றேன். "அப்ப சரி, பசியில தூக்கம் வராது" என்றான். அந்த நம்பிக்கையில் பேசுகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். பழவேற்காடு ஏரிக்கரையில் உள்ள மீனவ ஊர்களின் பிள்ளைகளுக்கு மாலை நேரப் படிப்பு மையம் ஒன்று தொடங்க வேண்டும், அதற்காகத் தனியாக ஓர் அமைப்பைப் பதிவு செய்ய வேண்டும் என்று நம் சங்கம் முடிவு செய்திருக்கிறது. மிகவும் நல்ல முடிவு. போன மாதம் ஒரு சீனியர் எனக்குப் போன் செய்தார். "தம்பி, கமிட்டிக்கு ஏழு பேர் வேணும். ஆறு பேர் கிடைச்சாச்சு. சும்மா பேருக்குத்தான், உன் பேரையும் போட்டுக்கறேன்" என்றார். அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அந்த "சும்மா பேருக்கு" என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு இரண்டு நாள் சரியாகத் தூக்கம் வரவில்லை. ஏன் என்று சொல்லத்தான் இந்த மேடைக்கு வந்திருக்கிறேன்.

பழவேற்காட்டை உங்களில் பலர் பிக்னிக் இடமாகப் பார்த்திருப்பீர்கள். பொன்னேரியில் இறங்கி பஸ் பிடித்தால் போய்விடலாம். 1613-இல் கட்டிய டச்சுக் கோட்டையின் மிச்சம், டச்சுக் கல்லறைகள், பூநாரைகள், பொரித்த இறால். ஒடிசாவின் சிலிக்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி அது. பெரும்பகுதி ஆந்திரத்தில், தென்பகுதி நம்மிடம். ஆனால் என் போன்றவர்கள் அங்கே போய்க் கற்றுக்கொள்ள வேண்டியது வேறு ஒன்று. அதற்குப் பெயர் பாடு.

கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகிய மூன்று ஊர்ப் பட்டினவர் மீனவர்கள், ஏரியில் இறாலுக்குச் சுத்து வலை கட்டும் இடங்களை முறைவைத்துப் பங்கிட்டுக்கொள்ளும் ஏற்பாடு அது. ஏரியில் எல்லா இடமும் ஒன்றல்ல. முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் நீரோட்டம் உள்ள இடத்தில் இறால் விழும். உள்ளே தள்ளிப் போனால் வலையைக் கழுவிக்கொண்டு வர வேண்டியதுதான். நல்ல இடத்தை ஒருவரே பிடித்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக இன்றைக்கு உனக்கு, நாளைக்கு அவனுக்கு என்று சுழன்று வரும். யார் யாருக்குப் பாடு உண்டு என்பதற்கு ஊரில் பட்டியல் இருக்கிறது. அந்தப் பட்டியலில் பெயர் இருப்பதுதான் அந்தக் குடும்பத்துக்குச் சோறு. முறை வைப்பது எல்லாருக்கும் முன்னால் நடக்கும். தலைவர் தன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டு வந்து வாசிக்க முடியாது. வாசித்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். ஒரு பெரியவர் சிரித்துவிட்டு, "அப்புறம் அவரு தலைவரா இருக்க மாட்டாரு தம்பி" என்றார்.

இலங்கையில் நீர்கொழும்புக் களப்பிலும் இதே போன்ற ஏற்பாடு உண்டு. அங்கே கட்டுவலைச் சங்கங்கள் சீட்டுப் போட்டு இடம் ஒதுக்குகின்றன. அதை அந்நாட்டு அரசு 1958-இல் சட்ட விதிகளாகவே ஏற்றுக்கொண்டது.

பாடு முறையை நான் கோயிலில் வைத்துக் கும்பிடவில்லை. அதில் பெண்களுக்கு இடமில்லை. வேறு சமூகத்தாருக்கு இடமில்லை. ஏரியில் இடுப்பளவுத் தண்ணீரில் உட்கார்ந்து, பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிக்கும் பெண்கள் எந்தப் பட்டியலிலும் இல்லை. பட்டியலுக்குள் இருப்பவர்களுக்கு நியாயமாக நடக்கும் ஓர் அமைப்பு, பட்டியலுக்கு வெளியே இருப்பவர்களைப் பார்க்காமலே இருந்துவிடலாம். இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. என் கையெழுத்தின் மூலம் படித்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன், அந்தப் பகுதியில் வேலை செய்த ஒரு சிறிய சங்கத்தில் நான் துணைச் செயலாளர். பெயர் வேண்டாம், அதில் இருந்தவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. சனி ஞாயிறுகளில் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக் கொடுக்கப் போனவன், கமிட்டியில் சேர்த்துவிட்டார்கள். 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்தது. அதற்குப் பிறகு நன்கொடை வந்தது. மீன் விற்கும் பெண்களுக்கு நாற்பது ஐஸ் பெட்டிகள் கொடுப்பது என்று பேசிக்கொண்டோம். நாற்பது பெயர்கள் டைப் செய்து பட்டியலும் தயாரானது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை பொன்னேரி ரயில் நிலையத்தில் செயலாளர் என்னிடம் ஒரு ஃபைலை நீட்டினார். வண்டி வரும் சத்தம் கேட்கிறது. பெஞ்சில் உட்கார்ந்து முழங்கால் மேல் வைத்து, மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டேன். ஒன்று, நடக்காத ஒரு கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு. இரண்டாவது, ஐஸ் பெட்டி வாங்கிய பில்லுக்கு ஒப்புதல். மூன்றாவது, பயனாளிகள் பட்டியல். அந்தப் பட்டியலில் பதினொரு பெயர்கள் பேனாவால் அடிக்கப்பட்டு, பக்கத்தில் வேறு பதினொரு பெயர்கள் எழுதப்பட்டிருந்தன. பார்த்தேன். பார்த்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். "என்ன சார் இது?" என்று கேட்கவும் வாய் திறந்தேன். வண்டி வந்துவிட்டது.

அடிக்கப்பட்ட பதினொரு பேரும் கையால் இறால் பிடிக்கும் பெண்கள். "அவங்க விக்கிறவங்க இல்ல, பிடிக்கிறவங்க. பெட்டியை வெச்சு என்ன பண்ணப் போறாங்க?" என்பது செயலாளரின் பின்னாள் விளக்கம். விவாதித்து எடுத்த முடிவாக இருந்தால் அதைக்கூட ஒரு கருத்து என்று ஏற்றிருக்கலாம். யாரும் விவாதிக்கவில்லை. புதிதாகச் சேர்ந்த பெயர்களில் கமிட்டிக்காரர்களின் உறவினர் சிலர் இருந்தார்கள். பெட்டிகள் செயலாளரின் மைத்துனர் கடையில் வாங்கப்பட்டிருந்தன. விலை அதிகமா என்றால், இல்லை. நான் பிறகு விசாரித்ததில் கொஞ்சம் குறைவாகக்கூட இருந்தது. ஆனால் வேறு இரண்டு கடையில் விலை கேட்டோம் என்று காட்ட ஒரு துண்டுச் சீட்டு இல்லை. மைத்துனர் கடை என்பது கமிட்டியில் மற்றவர்களுக்குத் தெரியவும் தெரியாது.

நாங்கள் பெட்டி கொடுக்கப் போன அன்று ஒரு அம்மா வந்தார். "என் பேரு லிஸ்ட்டுல இருந்துச்சாமே, யாரு சார் அடிச்சது?" என்று கேட்டார். கூட்டம் அமைதியாகிவிட்டது. ஊர்ப் பெரியவர் ஒருவர், பாடு விவகாரங்களில் பழுத்தவர், பட்டியலை வாங்கிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "தம்பி, நீங்க எல்லாரும் உக்காந்து பேசி முடிவு பண்ணீங்களா, இல்ல ஒருத்தரு முடிவு பண்ணி எல்லாரும் கையெழுத்துப் போட்டீங்களா?"

நண்பர்களே, சங்கங்களின் சட்டம் பற்றி நான் படித்ததெல்லாம் இந்தக் கேள்விக்குப் பிறகுதான். படித்துப் பார்த்தால், சட்டம் கேட்பதும் ஏறக்குறைய இதே கேள்வியைத்தான்.

நம் மாநிலத்தில் பெரும்பாலான சங்கங்கள் 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவாகின்றன. ஏழு பேர் சேர்ந்தால் சங்கம். நிர்வாகக் குழுவில் குறைந்தது மூன்று பேர். குழுவின் காலம் மூன்று ஆண்டுக்கு மேல் போகக் கூடாது. ஆண்டுதோறும் பொதுக்குழு கூட வேண்டும்; தணிக்கை செய்த கணக்கை மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். குழுவில் யார் வந்தார், யார் போனார் என்பதை மூன்று மாதத்துக்குள் ஏழாம் எண் படிவத்தில் தெரிவிக்க வேண்டும். இந்தப் படிவத்தைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். நம்மில் பலர் "நான் அந்தச் சங்கத்துல இருந்து எப்பவோ விலகிட்டேனே" என்பார்கள். எப்படி விலகினீர்கள்? போனில் சொன்னேன். கடிதம் கொடுத்தீர்களா? கொடுத்தேன். அந்தக் கடிதம் செயலாளரின் மேஜை டிராயரில் தூங்குகிறது. பதிவாளர் அலுவலகக் காகிதத்தில் இன்றைக்கும் நீங்கள்தான் பொருளாளர்.

உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கினர் மனுக் கொடுத்தால், அல்லது பதிவாளருக்கே சந்தேகம் வந்தால், 36-ஆம் பிரிவின் கீழ் விசாரணை நடக்கலாம். விசாரணை என்றால் முதலில் கேட்பது நடவடிக்கைக் குறிப்பேட்டைத்தான். ரயில் நிலையத்தில் எழுதிய குறிப்பேட்டை அங்கே விரித்துப் பாருங்கள், தெரியும்.

அறக்கட்டளையாகப் பதிவு செய்தால் இந்தத் தொல்லை இல்லை என்று சிலர் சொல்கிறார்கள். தொல்லை வேறு வாசல் வழியாக வரும். 1882-ஆம் ஆண்டின் இந்திய அறக்கட்டளைச் சட்டம் தனியார் அறக்கட்டளைகளுக்கானது என்றாலும், அதன் கொள்கைகளைப் பொது அறக்கட்டளைகளுக்கும் நீதிமன்றங்கள் பொருத்திப் பார்க்கின்றன. அதில் எனக்கு மிகவும் பிடித்த விதி, அறங்காவலர் பொறுப்பை ஏற்கும்படி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது என்பது. ஆனால் ஏற்ற பிறகு நினைத்த நேரத்தில் இறங்கிவிடவும் முடியாது. சாதாரண முன்யோசனை உள்ள ஒருவர் தன் சொந்தச் சொத்தை எவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொள்வாரோ, அவ்வளவு கவனம் வேண்டும். அறக்கட்டளைச் சொத்தைத் தானே வாங்கிக்கொள்ளக் கூடாது. தன் வேலையை இன்னொருவர் தலையில் கட்டிவிட்டு ஒதுங்கக் கூடாது. பொது அறக்கட்டளையில் தவறு நடந்தால், அதில் அக்கறையுள்ள இரண்டு பேர் நீதிமன்றத்தின் அனுமதி பெற்று, உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 92-ஆம் பிரிவின் கீழ் வழக்குப் போடலாம். அறங்காவலரை நீக்கச் சொல்லியும் கேட்கலாம்.

மீனவர் கூட்டுறவுச் சங்கங்கள் இன்னொரு வகை. அவை 1983-ஆம் ஆண்டுக் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்துக்கு உட்பட்டவை. அவற்றின் உறுப்பினர் பட்டியலில் பெயர் இருந்தால்தான் அரசின் சேமிப்பு நிவாரணத் திட்டம் போன்றவை வீடு வந்து சேரும். பாடு பட்டியல் மாதிரியே இதுவும் சோற்றுப் பட்டியல். அந்தச் சட்டத்தில் 87-ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. நிர்வாகக் குழுவில் இருந்தவர் பணத்தைக் கையாடியிருந்தால் மட்டுமல்ல, வேண்டுமென்றே அலட்சியமாக இருந்து சங்கத்துக்கு நட்டம் உண்டாக்கியிருந்தாலும், அந்தத் தொகையை அவரிடமே வட்டியோடு வசூலிக்க உத்தரவிடலாம். "நான் ஒரு பைசா தொடலை சார்" என்பது அங்கே முழு பதில் ஆகாது. பார்க்க வேண்டியதைப் பார்த்தீர்களா என்பது அடுத்த கேள்வி.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. நேர்மையாக விசாரித்து, கூடிப் பேசி எடுத்த முடிவு பிறகு தவறாகப் போனால், அதற்காகச் சட்டம் பொதுவாக யாரையும் துரத்துவதில்லை. வாங்கிய பெட்டி ஒரு வருடத்தில் உடைந்துவிட்டதா, அது வேறு. மூன்று கடையில் விலை கேட்டோம், மைத்துனர் கடை என்று செயலாளர் முன்கூட்டியே சொல்லிவிட்டு அந்த விவாதத்தில் கலந்துகொள்ளாமல் எழுந்து போனார், மற்றவர்கள் முடிவு செய்தார்கள் என்று குறிப்பேட்டில் நாலு வரி இருந்தால் போதும். உங்களுக்கு உடன்பாடு இல்லையா? "எனக்கு உடன்பாடு இல்லை" என்று அதே குறிப்பேட்டில் எழுதச் சொல்லுங்கள். எழுத மாட்டேன் என்றால் கடிதமாகக் கொடுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். நண்பருக்கு மனசு கஷ்டமாகுமே என்று நினைத்தால் என்னைப் போலத் துணைச் செயலாளர் ஆகிவிடுவீர்கள்.

இங்கே பொறியியல் படித்தவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு வரைபடத்தின் வலது கீழ் மூலையிலும் மூன்று கட்டங்கள் இருக்கும். வரைந்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் அளித்தவர். என் வேலையில் சரிபார்த்தவர் கட்டத்தில் கையெழுத்துப் போடும் முன் நான் ஒவ்வொரு அளவையும் மறுபடி கணக்குப் போட்டுப் பார்ப்பேன். கம்பி கணக்கில் தவறினால் கட்டடம் விழும் என்று தெரியும். அதே ஆள் ஞாயிற்றுக்கிழமை பொன்னேரியில் பார்க்காமல் கையெழுத்துப் போட்டான். ஏனென்றால் அது "சேவை". சேவைக்குக் கணக்கு எதற்கு என்று எங்கோ உள்ளுக்குள் ஒரு நினைப்பு.

பணம் பற்றி ஒரு முக்கியமான விஷயம். நம் வாட்ஸ்அப் குழுவில் அமெரிக்கா, சிங்கப்பூர், ஆஸ்திரேலியா நண்பர்கள் இந்த மையத்துக்குப் பணம் அனுப்பத் துடிக்கிறார்கள். அவர்கள் மனசு பெரிசு. ஆனால் சற்றுப் பொறுங்கள். வெளிநாட்டில் வேலை பார்த்தாலும், க்ரீன் கார்டே வைத்திருந்தாலும், இந்தியக் குடியுரிமை உள்ளவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்ட நண்பர் அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடைதான். அவர் நம் ஹாஸ்டலில் நாலு வருடம் சாம்பார் குடித்தவர் என்பதெல்லாம் சட்டத்தில் இல்லை. ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும், இங்கே வந்து ரூபாயாகக் கொடுத்தாலும் அப்படித்தான். அதை வாங்க 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் பதிவோ முன் அனுமதியோ வேண்டும். 2020-இல் கொண்டுவந்த விதிகளின்படி, அந்தப் பதிவு கேட்கும் அமைப்பு மூன்று ஆண்டு நடந்திருக்க வேண்டும், 15 லட்சம் ரூபாயாவது செலவழித்திருக்க வேண்டும். புதிதாகத் தொடங்கும் நம் அமைப்பு அதற்குள் வராது. "பதிவு உள்ள வேறொரு அமைப்பு வழியா வாங்கிக்கலாமே" என்று ஒரு நண்பர் யோசனை சொன்னார். அந்த வாசலையும் அதே 2020 திருத்தம் அடைத்துவிட்டது. தெரியாமல் வாங்கிவிட்டோம் என்றால் பதில் சொல்ல வேண்டியது அனுப்பிய நண்பர் மட்டுமல்ல, இங்கே கையெழுத்துப் போட்ட ஏழு பேரும்தான்.

இன்னொன்று, மாணவ நண்பர்களுக்காக. மையம் தொடங்கியதும் உங்களை ஏரிக்கு அழைத்துப் போகத் திட்டம் இருக்கிறது. படகில் போய்த் தீவுகளைப் பார்க்கலாம் என்று இப்போதே பேச்சு. 2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காடு ஏரியில் உல்லாசப் பயணம் போன ஒரு படகு கவிழ்ந்து 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அளவுக்கு மீறி ஆள் ஏற்றியிருந்தார்கள். சங்கத்தின் பெயரில் ஒரு பையனைப் படகில் ஏற்றினால், உயிர்காப்பு உடுப்பு இருக்கிறதா, படகுக்கு அனுமதி இருக்கிறதா, எத்தனை பேர் ஏறலாம் என்று கேட்பது படகுக்காரர் வேலை மட்டுமல்ல. கேட்டு, எழுதி வைத்து, இல்லை என்றால் கரையிலேயே நின்றுவிடுவது குழுவின் கடமை. பெற்றோர் நம்மை நம்பித்தான் அனுப்புகிறார்கள்.

என் கதையை முடித்துவிடுகிறேன். நாங்கள் மூன்று பேர் சொந்தப் பணம் போட்டு இன்னும் பதினொரு பெட்டி வாங்கிக் கொடுத்தோம். அதனால் சட்டச் சிக்கல் தீரவில்லை. தணிக்கையாளர் அந்தக் குறிப்பேட்டை ஏற்க மறுத்துவிட்டார். மறுத்ததற்கு அவருக்கு நன்றி. அப்போதுதான் மூன்று ஆண்டுக் கணக்கு தாக்கல் ஆகவில்லை என்பதும் தெரிந்தது. சிறப்புப் பொதுக்குழு கூட்டி, நடந்ததை நடந்தபடி ஒப்புக்கொண்டு எழுதி, கணக்கைச் சரிசெய்ய ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. செயலாளர் என்னோடு இன்றுவரை பேசுவதில்லை. என் பெயரை அடித்தது யார் என்று கேட்ட அந்த அம்மாவிடம் பெட்டியைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது அந்த ஆண்டின் இறால் சீசன் முடிந்திருந்தது. வாங்கிக்கொண்டார். "வெயில்ல நாலு தடவை சரக்கு கெட்டுப்போச்சு சார். அது எந்தக் கணக்குல வரும்?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை.

எனக்குப் போன் செய்த சீனியர் முன் வரிசையில் உட்கார்ந்து என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். அண்ணா, என் பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் நான்கு நிபந்தனை. முதல் கூட்டம் பழவேற்காட்டில் நடக்க வேண்டும். அந்த ஊர்க்காரர்களில் இரண்டு பேராவது, அதில் ஒருவர் கையால் இறால் பிடிக்கும் குடும்பத்துப் பெண், குழுவில் உறுப்பினராக இருக்க வேண்டும். பிள்ளைகளைச் சேர்க்கும் பட்டியலை அங்கேயே எல்லாருக்கும் முன்னால் வாசிக்க வேண்டும். குறிப்பேடு கூட்டம் முடிவதற்குள் எழுதி, அங்கேயே கையெழுத்தாக வேண்டும். சம்மதமென்றால் சாப்பாடு முடிந்ததும் படிவத்தைக் கொண்டு வாருங்கள். மேஜை மேல் வைத்து, முழுதும் படித்துவிட்டுப் போடுகிறேன்.

பொருளாளர் பதவிக்கு மட்டும் இன்னும் யாரும் பெயர் கொடுக்கவில்லை என்று கேள்விப்பட்டேன். கணக்குப் பாடத்தில் அரியர் வைக்காதவர்கள் யாராவது இருந்தால் தலைவரைப் பார்க்கவும்.